ஏர்பேக் விளக்கு அணையவில்லையா? பையைச் சோதிக்காமலே பழுதைப் பிடிக்கும் முறை

சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் எஸ்ஆர்எஸ் (SRS, ஏர்பேக் எச்சரிக்கை) விளக்கு எரிந்து சுமார் 6 வினாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் பெரும்பாலும் ஏர்பேக் சுற்றில் எங்கோ பழுது. எரியவே இல்லையென்றால் இன்னும் மோசம்: மோதிய வண்டியைப் பூசி மெழுகி விற்ற யாரோ விளக்கையே கழற்றியிருக்கலாம். ரங்கூனில் பழைய ஜப்பான் வண்டி பார்க்கப் போகிறவர்கள் பேரம் பேசுமுன் அந்த 6 வினாடியைப் பாருங்கள்.

நான் பார்த்தவரை நம் ஊரில் தகராறு செய்வது ஏர்பேக் அல்ல, இருக்கைக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர். 1970 முதல் பர்மாவில் நாம் ஓட்டுவது சாலையின் வலது பக்கம். ஜப்பான் வண்டியில் ஸ்டியரிங்கும் வலது பக்கம். அதனால் ஓட்டுநர் ஏறி இறங்குவது சாலையோரத்தில், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் பக்கத்தில். நனைந்த செருப்பும் குடையும் போய்ச் சேரும் இடம் இருக்கையின் அடிதான். திங்யான் தண்ணீர்த் திருவிழாவில் கண்ணாடியை இறக்கி வாளி வாளியாகத் தண்ணீர் வாங்கிய வண்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் டொயோட்டா ப்ராபாக்ஸிலும் கனெக்டர் முனையில் பச்சைத் துரு பூத்திருந்தது அங்கேதான்.

வண்டி பழுதைக் குறித்து வைக்கும் எண்தான் கோடு (code). முதலில் அதை ரீடர் கருவியால் படியுங்கள். மலிவான ப்ளூடூத் ரீடர்கள் பெரும்பாலும் 'P' எழுத்தில் தொடங்கும் இன்ஜின் கோடுகளை மட்டுமே காட்டும். ஏர்பேக் கோடுகள் 'B' எழுத்தில் தொடங்கும் பாடி வரிசை, அவற்றைப் படிக்காது. வாங்கும்போதே 'எஸ்ஆர்எஸ் படிக்குமா?' என்று கேளுங்கள். பழைய டொயோட்டா பலவற்றில் ரீடரே தேவையில்லை. ஸ்டியரிங்கின் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் 4, 13 இரண்டையும் சிறு கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் எஸ்ஆர்எஸ் விளக்கே மின்னி எண்ணைச் சொல்லும். 13 வந்தால் ஓட்டுநர் பையின் சுற்றில் ஷார்ட், 14 வந்தால் அதே சுற்றில் ஓப்பன், அதாவது இணைப்பு அறுந்திருக்கிறது. 16ஆம் முனையில் நேரடி பாட்டரி மின்சாரம் இருக்கிறது, கம்பி அங்கே படக்கூடாது. எண் எதுவும் வராமல் விளக்கு சீராக மின்னிக்கொண்டே இருந்தால் கோடு இல்லை என்று பொருள். கோடு இல்லாதபோதும் விளக்கு மட்டும் அணைய மறுத்தால் பாட்டரியைச் சந்தேகியுங்கள்.

அப்புறம் சாவியை எடுத்துவிட்டு பாட்டரியின் மைனஸைக் கழற்றிக் காத்திருங்கள். டொயோட்டா 90 வினாடி என்கிறது, ஹோண்டா 3 நிமிடம். விபத்தில் பாட்டரி அறுந்தாலும் பை விரிய வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு கபாசிட்டர் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. அது வடிய வேண்டும். எந்த வண்டியானாலும் டீக்கடைக்குப் போய்வந்து கை வைப்பதே என் வழக்கம்.

இனி முக்கியமான விஷயம். பையின் முனைகளில் மீட்டரை வைத்து ஓம் பார்க்கவே கூடாது. மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரமே பையைப் பற்றவைக்கப் போதுமானதாக இருக்கலாம். டெஸ்ட் லாம்ப் அதைவிட ஆபத்து. பைக்குப் பதிலாக, பைக்குப் போகும் ஒயரின் முனையில் 2 ஓம் ரெசிஸ்டரைச் செருகுங்கள். பையின் பற்றவைப்பானும் ஏறக்குறைய அதே அளவுதான், கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது. பாட்டரியை மாட்டி, வண்டிக்கு வெளியே நின்றபடி சாவியைத் திருப்பி, கோடை அழித்துப் பாருங்கள். கோடு திரும்பவில்லையென்றால் கோளாறு பையிலோ அதன் கனெக்டரிலோ. திரும்பினால் ஒயரில். கழற்றிய பையை அலங்கார முகம் மேலே இருக்கும்படி வையுங்கள்; கவிழ்த்து வைத்தது விரிந்தால் மொத்த ஏர்பேக்கும் மேலே பறக்கும்.

ஒயரை அளக்கும்போது இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். மஞ்சள் கனெக்டரைப் பிரித்ததும், பையை நோக்கிய பாதிக்குள் ஒரு சிறு ஸ்பிரிங் தகடு இரண்டு முனைகளையும் தானாகவே இணைத்துவிடும். நிலைமின்சாரத்தால் பை விரியாமல் இருக்க அந்த ஏற்பாடு. இது தெரியாதவர் மீட்டரை வைத்தால் நல்ல ஒயரும் ஷார்ட் என்றே காட்டும். முழு ஹார்னஸையும் (ஒயர்க் கட்டையும்) மாற்றிய பிறகும் விளக்கு எரியும். அளக்கும் நேரத்துக்கு மட்டும், கனெக்டர் முள்ளின் தடிமனுள்ள அட்டைத் துண்டைத் தகட்டுக்கும் முனைக்கும் நடுவே செருகுங்கள். ஒயரின் மறுமுனையில் பை இருக்கவே கூடாது. முடிந்ததும் அட்டையை எடுத்துவிடுங்கள்.

ஹார்னும் ஸ்டியரிங் பட்டன்களும் கூடவே படுத்துவிட்டால் ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் ஸ்பைரல் கேபிளே குற்றவாளி. இரு முனையையும் கழற்றி, மெதுவாகச் சுழற்றிக்கொண்டே ஒவ்வொரு ஒயரையும் அளங்கள். நடுவில் எண் துள்ளினால் மாற்ற வேண்டியதுதான். மாட்டும்போது முன் சக்கரங்கள் நேராக, கேபிள் நடுநிலையில் இருக்கட்டும். இல்லையேல் முதல் முழு வளைவிலேயே அறுந்துவிடும்.

பச்சை பூத்த கனெக்டருக்குக் கான்டாக்ட் கிளீனர் போதும். ஒயரை வெட்டிச் சால்டர் வைத்து டேப் சுற்றும் வேலையை ஏர்பேக் சுற்றில் நான் ஒப்புக்கொள்வதில்லை, எத்தனை மெக்கானிக் சொன்னாலும் சரி.

பிற்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒருவர், எல்லாம் சரி, இருக்கையைப் பின்னால் தள்ளினால் மட்டும் விளக்கு எரிகிறது என்றார். இருக்கை அடி ஒயர் தண்டவாளத்தில் மாட்டி இழுபடுகிறதா என்று பாருங்கள்.

இன்னொருவர், 'விளக்கு அணைந்துவிட்டது, இனி டகாட்டா பயம் இல்லையே?' என்று கேட்டார். அது வேறு கதை. டகாட்டா என்ற ஏர்பேக் நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டரில், அதாவது பையை ஊத வைக்கும் கருவியில், அம்மோனியம் நைட்ரேட் இருக்கிறது. ஆண்டுக்கணக்கான வெப்பமும் ஈரமும் அதைக் கெடுக்கும், பை விரியும்போது உலோகத் துண்டுகள் தெறிக்கும். அந்த நிறுவனம் 2017இல் திவாலானது, ஆனால் அதன் பைகள் இன்னும் வண்டிகளில் இருக்கின்றன. இதை எஸ்ஆர்எஸ் விளக்கு காட்டாது, சுற்று சரியாக இருந்தால் அதற்குப் போதும். உங்கள் வண்டியின் ஏர்பேக் திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று ஜப்பானிய வண்டித் தயாரிப்பாளரின் இணையதளத்தில் சேஸிஸ் எண்ணைத் தட்டிப் பாருங்கள். பக்கம் ஜப்பானிய மொழியில் இருந்தாலும் நீங்கள் உள்ளிடுவது சேஸிஸ் எண் மட்டும்தான்.