“பூட்ஸுக்குள்ள எப்பிடி ஆயா பொணம் இருக்கும்?”

தலைப்பில் இருக்கிற கேள்வி என் பேத்தியுடையது. வயது 16, பிறந்து வளர்ந்தது ஒஹையோவில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குப் பொழுது விடிந்து, எனக்குக் கிருஷ்ணகிரியில் விளக்கு வைக்கிற நேரத்தில் வீடியோவில் வருவாள். போன வருஷம் லைப்ரரியிலிருந்து இங்கிலாந்துத் துப்பறியும் நாவல் ஒன்றை எடுத்து வந்து, பாதியில் மாட்டிக்கொண்டாள். காரின் ‘பூட்’டில் பிணம் இருந்தது என்று எழுதியிருக்கிறது. அவள் ஊரில் பூட் என்றால் காலில் போடுவது. காருக்குப் பின்னால் இருப்பது ‘ட்ரங்க்’. “டிக்கி, கண்ணு” என்றேன். அதுவும் புரியவில்லை. எங்க வீட்டுக்காரர் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டுக் கார் டிக்கியையே திறக்கச் சொல்லிக் காட்டினார்.

நான் கோர்ட்டில் 31 வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள். அவர் மாங்கூழ் லோடு ஏற்றிச் சென்னைத் துறைமுகத்துக்கு லாரி ஓட்டியவர். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் அந்த நாவல்களில் வருகிற வார்த்தைகளில் முக்கால்வாசிக்கு அர்த்தம் சொல்லிவிடலாம் என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. அமெரிக்காவில் பேரன் பேத்தி வைத்திருப்பவர்களுக்கும், அமெரிக்க சீரியல் பார்த்தே இங்கிலீஷ் கற்றுக்கொண்ட நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஆகும் என்று எழுதுகிறேன்.

முதலில் அவளுக்குச் சொன்னது: தெரியாத வார்த்தை வந்தால் நிற்காதே, தாண்டிப் போ. தெரியாதது என்று தெரிந்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் அகராதியைப் பார்த்துக்கொள்ளலாம். தெரிந்த வார்த்தை வந்து, வாக்கியம் மட்டும் பைத்தியக்காரத்தனமாக இருந்தால் அங்கே நில். கான்ஸ்டபிள் ‘டார்ச்’ எடுத்துக்கொண்டு வைக்கோல் கொட்டகைக்குள் நுழைந்தான் என்று படித்துவிட்டு, “இவன்தான் கொளுத்தப் போறான்” என்று முடிவு கட்டி இருபது பக்கம் அவனையே சந்தேகப்பட்டிருக்கிறாள். அமெரிக்காவில் டார்ச் என்றால் தீப்பந்தம். நம் வீட்டு அலமாரியில் பேட்டரி தீர்ந்து கிடக்கிற டார்ச்சுக்கு அங்கே ‘ஃப்ளாஷ்லைட்’ என்று பெயர்.

துப்பறியும் கதையில் இந்த மாதிரி இடறல் துப்பையே கெடுத்துவிடும். ‘ஃபர்ஸ்ட் ஃப்ளோர்’ ஜன்னலிலிருந்து குதித்தவனுக்குக் கால் உடைகிறது. அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் ஃப்ளோர் என்பது தரைத்தளம். அதிலிருந்து குதித்தால் செருப்புகூடக் கழலாது. இங்கிலாந்துக்காரனுக்கும் நமக்கும் அது மாடி. தேதியும் அப்படித்தான். பிணத்தின் சட்டைப்பையில் 3/4 என்று எழுதிய சீட்டு கிடைத்தால் நமக்கும் அவர்களுக்கும் ஏப்ரல் 3, அவளுக்கு மார்ச் 4. சாட்சி ‘ஹாஃப் செவன்’ என்றால் ஏழரை மணி. அதை ஆறரை என்று வைத்துக்கொண்டால் நிரபராதியைத் தூக்கில் போட்டுவிடுவோம்.

இருக்கிறதிலேயே மோசமானது உடுப்பு. ஆற்றங்கரையில் ஒருவன் ‘பேன்ட்ஸும் வெஸ்ட்டும்’ போட்டபடி செத்துக் கிடக்கிறான். அவள் கண்ணில், கால்சட்டையும் கோட்டுக்குள் போடுகிற கையில்லாச் சட்டையுமாக, கல்யாணத்துக்குக் கிளம்பிய ஆள். இங்கிலாந்தில் அது ஜட்டியும் பனியனும். ஆள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வந்திருக்கிறான், அல்லது யாரோ துணியை உருவியிருக்கிறார்கள். கதை முழுவதும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. இதில் நானும் ஏமாந்தேன். நமக்கும் பேன்ட் என்றால் பேன்ட்தானே.

ரோட்டு வார்த்தைகளுக்கு எங்கள் வீட்டில் தாத்தாதான் அத்தாரிட்டி. லாரி, பெட்ரோல், பானெட் எல்லாம் நாவலில் இருக்கிறபடியே நம் பட்டறையிலும் இருக்கின்றன. அவளுக்கு அவை ட்ரக், கேஸ், ஹூட். ‘ரவுண்டபௌட்’ என்று வந்தால் நம் ஊர் ரவுண்டானா. பிணம் ‘லே-பை’யில் கிடந்தது என்று ஒரு கதையில் வந்தது. தர்மபுரிக்குப் போகிற வழியில் நெடுஞ்சாலை ஓரமாக ‘ட்ரக் லே பை’ என்று போர்டு வைத்து, லாரிகளை ஒதுக்கி நிறுத்தி டிரைவர்கள் தூங்குகிறார்களே, அதேதான். தாத்தா, “அங்க பொணத்தப் போட்டா விடியறதுக்குள்ள பத்து டிரைவர் பாத்துடுவான், கொலைகாரன் வெளியூர்க்காரன்” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். கடைசியில் அப்படித்தான் முடிந்தது. ஆனால் ‘ஸ்லீப்பிங் போலீஸ்மேன்’ மேல் கார் ஏறி இறங்கியது என்று படித்தபோது பேத்தி அலறிவிட்டாள். எங்களுக்கும் அன்றைக்குத் தெரியாது. ஒன்றுமில்லை, ஸ்பீட் பிரேக்கர்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. 1920, 30-களில் நடக்கிற கதைகளில் ஒரு பெண் ‘டிக்கி’யில் உட்கார்ந்து சிரித்தபடி பயணம் போவாள். பதறவேண்டாம். அந்தக் காலக் கார்களின் பின்பக்கம் திறந்தவெளியில் மடக்கி விரிக்கிற ஒரு சீட்டு இருந்தது, அதன் பெயர் டிக்கி. சீட்டு போய்விட்டது, பெயரை நாம் சாமான் வைக்கிற இடத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

ஆகவே, புத்தகத்தைத் திறந்ததும் கதை எந்த வருஷத்தில் நடக்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். காசு விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். 1971 பிப்ரவரி 15 வரைக்கும் அங்கே பவுனுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்னி. ‘பாப்’ என்றால் ஷில்லிங். “டென் பாப்” என்பதைப் பாப் என்ற பெயரில் பத்துப் பேர் என்று நினைத்தாள் பேத்தி. ‘ஹாஃப் க்ரௌன்’ இரண்டரை ஷில்லிங். ‘கினி’ 21 ஷில்லிங், டாக்டர் வக்கீல் மாதிரிப் பெரிய மனுஷர்கள் கேட்கிற கூலி. ரூபாய்க்கு 16 அணா என்று நாமும் 1957 ஏப்ரல் வரை எண்ணிக்கொண்டிருந்தவர்கள்தான், எட்டணா என்ற பேச்சு அதற்கப்புறமும் விட்டபாடில்லை. அதனால் எனக்கு இது சுலபமாக இருந்தது. ஆள் எடை ‘13 ஸ்டோன்’ என்று வந்தால் ஸ்டோன் ஒன்றுக்கு 14 பவுண்டு. சுமார் 82 கிலோ. கிணற்றுக்குள் அவனை ஒரு கிழவி தனியாகத் தூக்கிப் போட்டிருக்க முடியுமா என்பதை அதற்கப்புறம் யோசிக்கலாம்.

இனி போலீசும் கோர்ட்டும். இது என் இலாகா, கொஞ்சம் நீட்டித்தான் பேசுவேன்.

பதவிகளை ஒரு காகிதத்தில் எழுதிப் புத்தகத்திலேயே செருகி வைக்கச் சொல்லுங்கள்: கான்ஸ்டபிள், சார்ஜென்ட், இன்ஸ்பெக்டர், சீஃப் இன்ஸ்பெக்டர், சூப்பிரண்டெண்டெண்ட், சீஃப் சூப்பிரண்டெண்டெண்ட். முன்னால் ‘டிடெக்டிவ்’ என்று ஒட்டியிருந்தால் குற்றப்பிரிவில் வேலை செய்கிறார் என்று அர்த்தம், பதவி உயர்வு இல்லை. அமெரிக்கக் கதைகளில் வருகிற லெப்டினன்ட், கேப்டனை இங்கே தேடக்கூடாது. ‘சீஃப் கான்ஸ்டபிள்’ என்றதும் நமக்கு ஏட்டு ஞாபகம் வரும். அங்கே அவர்தான் அந்த வட்டாரப் போலீஸ் படைக்கே தலைவர். நம் ஏட்டய்யாக்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

‘சொலிசிட்டர்’ என்றால் கட்சிக்காரரைப் பார்த்து, உயில், பத்திரம், கேஸ் கட்டு எல்லாம் தயார் செய்கிற வக்கீல். விக் வைத்துக்கொண்டு பெரிய கோர்ட்டில் வாதாடுகிறவர் ‘பாரிஸ்டர்’. பேத்தி ஊரில் வாசல் கதவுகளில் ‘நோ சொலிசிட்டர்ஸ்’ என்று எழுதி வைத்திருப்பார்களாம், வீடு வீடாகச் சாமான் விற்க வருகிறவர்களை விரட்டுவதற்கு. அதனால் பணக்காரக் கிழவர் சாகும் நேரத்தில் சொலிசிட்டரைக் கூப்பிட்டு அனுப்பியது ஏன் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

‘இன்க்வெஸ்ட்’ என்பது பிரேத விசாரணை. பிரேதப் பரிசோதனை வேறு, அது ‘போஸ்ட்மார்ட்டம்’. இரண்டையும் குழப்பி எத்தனையோ டைப் அடித்த தாள்களை நான் கிழித்துப் போட்டிருக்கிறேன். நம்மிடம் பிரேத விசாரணையைப் போலீசே செய்யும். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) வருவார். இங்கிலாந்தில் அதற்கென்றே ‘கொரோனர்’ இருக்கிறார், சில சமயம் ஜூரியோடு. செத்தது யார், எங்கே, எப்போது, எப்படி என்பதோடு அவர் வேலை முடிந்தது. பழைய கதைகளில் மட்டும் அந்த ஜூரியே இன்னார்தான் கொன்றார் என்று பெயர் சொல்லிவிடும். அந்த அதிகாரத்தை 1977-ல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள்.

கைது செய்யும்போது படிக்கிற ‘காஷன்’ இன்னொன்று. அமெரிக்கச் சினிமா பார்த்தவர்களுக்கு, வாயை மூடிக்கொண்டிருப்பது உன் உரிமை என்கிற வாசகம் மனப்பாடம். அது 1966-ல் அவர்கள் சுப்ரீம் கோர்ட் சொன்னது. இங்கிலாந்தில் 1994-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு வாசகம் மாறிவிட்டது. பேசவேண்டியதில்லை, ஆனால் பின்னால் கோர்ட்டில் நீ நம்பப்போகிற விஷயத்தை இப்போது மறைத்தால் அது உனக்கே பாதகமாகலாம் என்கிறது. அதனால் மௌனமாக இருக்கிறவனைப் புத்திசாலி என்று பேத்தி நினைத்த இடத்தில், எழுத்தாளர் அவனை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். சின்னக் குற்றத்துக்கு கேஸ் போடாமல் முறைப்படி எச்சரித்து அனுப்புவதற்கும் ‘காஷன்’ என்றே பெயர். முன்னும் பின்னும் படித்தால்தான் எது என்று தெரியும். ஒருவன் ‘போலீசாரின் விசாரணைக்கு உதவி வருகிறான்’ என்று பத்திரிகையில் போட்டால், உதவி எல்லாம் ஒன்றுமில்லை. நம் பேப்பரில் ‘துருவித் துருவி விசாரணை’ என்பார்களே, அதன் மரியாதையான வடிவம்.

திருடர் பாஷைக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும். ‘நிக்’ என்றால் ஸ்டேஷன், திருடுவது, பிடிபடுவது மூன்றும். ‘குட் நிக்’ என்றால் பொருள் நல்ல கண்டிஷனில் இருக்கிறது. ‘க்ராஸ்’ புல் இல்லை, போலீசுக்குத் தகவல் சொல்கிறவன். ‘பாரிட்ஜ்’ கஞ்சி, ஜெயில் வாசம். நாமும் களி தின்பது என்கிறோம், விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் ‘சர்ஜரி’யில் இருக்கிறார் என்றால் ஆபரேஷன் செய்கிறார் என்று அர்த்தமில்லை, கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறார். நிஜமாகவே ஆபரேஷன் செய்கிற சர்ஜனை அங்கே டாக்டர் என்று கூப்பிடாமல் மிஸ்டர் என்பார்கள். ‘டீ’ பல வீடுகளில் சாயங்காலச் சாப்பாடு. ‘பப்ளிக் ஸ்கூல்’ பணக்காரர் பிள்ளைகள் படிப்பது.

பழைய புத்தகக் கடையில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று: ஒரே கதை இரண்டு பெயரில் இருக்கும். அகதா கிறிஸ்டியின் 1934 நாவல் ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’, அமெரிக்காவில் முதலில் ‘மர்டர் இன் தி கலே கோச்’ என்று வந்தது. பழைய பேட்டைப் பக்கம் ஒரு பேப்பர் கடையில் இரண்டையும் எடைக்கு வாங்கி வந்து, நாலாம் பக்கத்தில் விழித்தவள் நான்.

ஒரு நாள் பேத்தி சிரித்துக்கொண்டே வந்தாள். “ஆயா, உன் பேரு புக்குல வருது!” இந்தியாவிலிருந்து திரும்பிய துரைசானி வீட்டில் ஒரு ‘ஆயா’. அது குழந்தை பார்த்துக்கொள்கிற வேலைக்காரி, கண்ணு, பாட்டி இல்லை என்றேன். “நீயும் என்னைப் பாத்துக்கிட்டியே” என்றாள். அவள் பிறந்தபோது ஆறு மாதம் போய் இருந்தேன். சம்பளம் யாரும் கொடுக்கவில்லை.

எல்லா வார்த்தையும் நம்மிடம் கிடைக்கும் என்றும் சொல்ல முடியாது. கார் டயர் பஞ்சர் ஆகிற ஒரு கட்டத்தில், தாத்தா ‘ஸ்டெப்னி’ என்று சொல்லிக்கொடுத்தார். நாவல் முழுக்கத் தேடியும் அந்த வார்த்தை இல்லை. தேடிப் பார்த்ததில், வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில், மாற்றுச் சக்கரமே இல்லாத கார்கள் ஓடிய காலத்தில் ஒரு கம்பெனி செய்து விற்ற சக்கரம் அது. செய்தவர்கள் ஊரிலேயே இன்றைக்குச் சொன்னால் பெரும்பாலானவர்களுக்குப் புரியாது, ஸ்பேர் வீல் என்றுதான் சொல்லவேண்டும் என்று அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

“ஸ்டெப்னின்னே தெரியாதவன் லாங் டிரிப்பு எப்பிடிப் போறான்?” என்றார்.