கர்ப்பகாலத்தில் வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்ப்பது எப்படி?

உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல்தான் ஏறும். "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று கர்ப்பிணிகள் சொல்வதைச் செவிலியர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளாததற்கு அதுதான் காரணம். மருத்துவர் சொன்னால் வீட்டிலும் பார்க்கலாம்; ஆனால் தவறாக எடுத்த அளவு வீண் பயத்தையோ வீண் நிம்மதியையோதான் தரும்.

படி 1: கருவி
மேல்கையில் கட்டும் தானியங்கிக் கருவி போதும், மணிக்கட்டுக் கருவி வேண்டாம். கர்ப்பிணிகளுக்குச் சரிபார்க்கப்பட்ட மாடலா என்று கேட்டு வாங்குங்கள். பலரும் கோட்டைவிடுவது பட்டையின் அளவில்தான். மேல்கையின் நடுவே சுற்றளவை டேப்பால் அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் செ.மீ. வரம்புக்குள் வருகிறதா என்று பாருங்கள். பட்டை சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகவும், பெரியதாக இருந்தால் குறைவாகவும் காட்டும்.

படி 2: தயாராவது
அளவு எடுப்பதற்கு முந்தைய 30 நிமிடங்களில் காபி, தேநீர், உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை அழுத்தத்தை ஏற்றிக் காட்டும்.

படி 3: உட்கார்வது
முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், பாதங்களைத் தரையில் பதித்து 5 நிமிடம் அமைதியாக இருங்கள். கையை மேசைமேல் வைத்து, துணி இடையில் வராமல், முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே பட்டையைக் கட்டுங்கள். அது இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். இடப்புறமாகப் படுத்துக்கொண்டு பார்க்காதீர்கள்: மேலே இருக்கும் கையில் அளவு குறைவாகத்தான் வரும். பேச்சும் கைபேசியும் பிறகு.

படி 4: குறிப்பது
ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, இரண்டையும் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். பிடித்த எண் வரும்வரை அழுத்திக்கொண்டே இருப்பது அளவீடு ஆகாது.

படி 5: முடிவெடுப்பது
மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90, இரண்டில் ஒன்று எட்டினாலும் அன்றே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். 160 அல்லது 110 என்றால் உடனே கிளம்புங்கள். விடாத தலைவலி, கண் மங்குதல், விலா எலும்புக்குக் கீழே வலி, திடீரென முகம் வீங்குதல், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் கருவி என்ன காட்டினாலும் போக வேண்டும். கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு வரும் முன்சூல்வலிப்பு (ப்ரீஎக்ளாம்ப்சியா, அதாவது ரத்த அழுத்தம் ஏறி உடல் உறுப்புகளைப் பாதிக்கும் கர்ப்பகாலச் சிக்கல்) இப்படித்தான் தலைகாட்டும். சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள். மாத்திரை அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

குழந்தை பிறந்ததும் கருவியை எடுத்துவைத்துவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் 6 வாரங்கள் வரைகூட இந்தச் சிக்கல் புதிதாக வரலாம்.