கால் முறிந்தவருக்கு இரண்டாம் நாள் மூச்சு வாங்கினால்: கொழுப்பு அடைப்பைக் கண்டறியும் முறை

விபத்துப் பிரிவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வயிற்றுக்குள் ரத்தக்கசிவு, தலைக்காயம், நெஞ்சுக்கூட்டில் காற்று அடைப்பு ஆகியவற்றை வந்த உடனே தேட வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதல் நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த நோயாளி மறுநாள் திடீரென்று சரியும்போதுதான் புதியவர்கள் திகைத்துப் போகிறார்கள். அப்படிச் சரிய வைக்கும் அரிய சிக்கல்களில் ஒன்று ஃபேட் எம்பாலிசம் எனப்படும் கொழுப்பு அடைப்பு.

நீண்ட எலும்புகளின் மஜ்ஜையில் கொழுப்பு நிறைந்திருக்கிறது. எலும்பு முறியும்போது அந்தக் கொழுப்பு, கிழிந்த சிரைகளின் வழியாக ரத்தத்தில் கலந்து நுரையீரலின் நுண்குழாய்களில் போய்ச் சிக்குகிறது. பெரிய எலும்பு முறிந்தவர்களில் பெரும்பாலோருக்கு இது ஓரளவு நடக்கிறது; உடல் சமாளித்துவிடுகிறது. ஒரே ஒரு நீண்ட எலும்பு முறிந்தவர்களில் 100 பேருக்கு 1 முதல் 3 பேரிடம்தான் அது நோயாக வெளிப்படுகிறது. இரண்டு தொடை எலும்புகளும் முறிந்தால் ஆபத்து பல மடங்கு கூடும். சிக்கிய கொழுப்பு சிதைந்து வெளிவரும் கொழுப்பு அமிலங்கள் நுரையீரலின் நுண்குழாய்ச் சுவர்களை அரித்துக் கசிய வைக்கின்றன. இதற்கு நேரம் பிடிக்கிறது. முதல் நாள் அமைதியாகக் கழிவதற்கு இது ஒரு காரணம்.

இதைத் தீர்க்கும் தனி மருந்து கிடையாது. ஆனாலும் ஆக்சிஜன் குறைவை உரிய நேரத்தில் கண்டு ஈடுசெய்தால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். ஆகவே கண்டறிவதே இங்கே பாதி சிகிச்சை.

படி 1: யாரைக் கவனிக்க வேண்டும் என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்

தொடை எலும்பு, முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு, இடுப்பு எலும்பு ஆகியவற்றில் முறிவு உள்ளவர்களைத் தனியாகக் குறியுங்கள். அவர்களிலும் 10 முதல் 40 வயதுக்குள் இருக்கும் ஆண்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். இரு சக்கர வாகன விபத்தில் நம் வார்டுகளுக்கு வருபவர்கள் பெரும்பாலும் இந்த வயதினர்தாம். சிறு குழந்தைகளின் மஜ்ஜையில் கொழுப்பு குறைவு. அவர்களுக்கு இது மிக அரிது. மூடிய முறிவு, அசையாமல் கட்டப்படாத கால், அறுவை சிகிச்சை தள்ளிப்போன நோயாளி ஆகிய மூன்றையும் கண்டால் கூடுதல் கவனம் தேவை.

படி 2: விபத்து நடந்த நேரத்தை எழுதுங்கள்

மருத்துவமனையில் சேர்ந்த நேரத்தை எழுதினால் போதாது. விபத்து எப்போது நடந்தது என்று உடன் வந்தவரிடமோ 108 ஆம்புலன்ஸ் பணியாளரிடமோ கேட்டு, கேஸ் ஷீட்டின் மேல்பகுதியில் எழுதுங்கள். கொழுப்பு அடைப்பின் அறிகுறிகள் பெரும்பாலும் காயம் பட்ட 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் தோன்றுகின்றன. சிலருக்கு 12 மணி நேரத்திலேயே தொடங்கலாம்.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தால் விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கிறது. அது பெரிய வரம். ஆனால் அந்த 48 மணி நேரம் முடிகிற கட்டத்தில்தான் நோயாளியை வேறு மருத்துவமனைக்கு மாற்றும் பேச்சும் எழுகிறது. கொழுப்பு அடைப்பின் காலம் அப்போது இன்னும் முடிந்திருக்காது. மாற்ற நேர்ந்தால், விபத்து நேரமும் கடைசி மூச்சு எண்ணிக்கையும் கடிதத்தில் இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

படி 3: மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்

எல்லாப் படிகளிலும் இதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். நம் வார்டு அட்டவணைகளில் மூச்சு எண்ணிக்கை என்ற இடத்தில் நோயாளிக்கு நோயாளி, வேளைக்கு வேளை 18, 20 என்றே எழுதப்பட்டிருக்கும். பல நேரங்களில் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். கொழுப்பு அடைப்பு முதலில் தட்டுவது பெரும்பாலும் இந்தக் கதவைத்தான். காலையில் 18 ஆக இருந்தது மாலையில் 26, இரவில் 32 என்று ஏறும். நடுவில் ஒருவர் எண்ணாமல் 20 என்று எழுதிவிட்டால் அந்த ஏற்றம் யார் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடும்.

கைக்கடிகாரத்தை வைத்து, போர்வையை விலக்கி, நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை 60 விநாடிகள் எண்ணுங்கள். எண்ணுகிறீர்கள் என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டாம். சொன்னால் மூச்சு மாறும். நாடித்துடிப்பைப் பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே எண்ணலாம்.

அடுத்து பல்ஸ் ஆக்சிமீட்டர். விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அளவு பிசகும். கருத்த தோல் உள்ளவர்களிடம் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் நம் ஊரில் நினைவிலிருக்க வேண்டிய செய்தி. இன்னொன்று: வெறுமனே 97 என்று எழுதாதீர்கள். எத்தனை லிட்டர் ஆக்சிஜனில் 97 என்று எழுதுங்கள். நேற்று ஆக்சிஜன் இல்லாமலே 97, இன்று 6 லிட்டரில் 97 என்றால் நோயாளி மோசமாகிக்கொண்டிருக்கிறார்.

படி 4: பேச்சில் மாற்றம் வந்ததா?

பெயர், இடம், நாள் ஆகிய மூன்றையும் கேளுங்கள். பிறகு உடனிருப்பவரிடம், "அண்ணன் நேற்றுப் பேசியதுபோல்தான் இன்றும் பேசுகிறாரா?" என்று கேளுங்கள். தாயோ மனைவியோ, "நேற்றிலிருந்து ஒரு மாதிரி இருக்கிறான் சிஸ்டர்" என்று சொன்னால் அதை ஒரு பரிசோதனை முடிவைப்போல மதித்துக் குறித்துக்கொள்ளுங்கள். எரிச்சல், பதற்றம், உளறல், அளவுக்கு மீறிய தூக்கம், சிலரிடம் வலிப்பு என்று இது பலவிதமாக வரும்.

இரண்டாம் நாள் குழம்பும் இளைஞரைக் கண்டவுடன், "குடிப்பழக்கம் இருந்திருக்கும், நிறுத்தியதால் உளறுகிறான்" என்று முடிவு கட்டும் வழக்கம் இருக்கிறது. குடி நிறுத்தத்தால் வரும் குழப்பமும் ஏறக்குறைய இதே நாட்களில்தான் வருகிறது என்பது உண்மை. கை நடுக்கமும் வியர்வையும் அதில் முன்னே நிற்கும். ஆனால் ஆக்சிஜன் குறைந்து தவிக்கும் ஒருவரின் கையைக் கட்டிலில் கட்டி, தூக்க ஊசியும் போட்டால், அவருக்கிருந்த கடைசிப் பாதுகாப்பையும் நாமே பறிக்கிறோம். குடிப்பழக்கம் உள்ளவருக்கும் கொழுப்பு அடைப்பு வரும். மூச்சு, ஆக்சிஜன், சர்க்கரை ஆகிய மூன்றையும் பார்க்காமல் அந்த முத்திரையைக் குத்தவே கூடாது.

வென்டிலேட்டரில் மயக்க மருந்தோடு இருப்பவரிடம் பேச்சை வைத்துப் பார்க்க முடியாது. அங்கே இரண்டு தடயங்கள் உண்டு: காரணம் தெரியாமல் ஆக்சிஜன் தேவை கூடிக்கொண்டே போவது; மயக்க மருந்தை நிறுத்தியும் எதிர்பார்த்த நேரத்தில் விழிக்காதது.

படி 5: தோலைத் தேடிப் பாருங்கள்

ஊசி முனை அளவு செந்நிறப் புள்ளிகள், அழுத்தினால் மறையாதவை. அக்குள், கழுத்து, மேல்மார்பு, வாயின் உட்புறம், கீழ் இமையின் உட்புறம் ஆகிய இடங்களில் வரும். கருத்த தோலில் மார்பில் எளிதாகத் தெரியாது என்பதால் இமையையும் வாயையும் டார்ச் விளக்கோடு பாருங்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோதான் இவை தோன்றும். தோன்றினாலும் சில நாட்களில் மறைந்துவிடும். ஆகவே புள்ளி இல்லை என்பதற்காகச் சந்தேகத்தைக் கைவிடக்கூடாது.

படி 6: வழக்கமான எமன்களை முதலில் விலக்குங்கள்

அரிய நோயைத் தெரிந்துகொண்ட உற்சாகத்தில் அன்றாட ஆபத்தைத் தவறவிடுவது பெருங்கேடு. கொழுப்பு அடைப்பு என்பது மற்றவற்றை விலக்கிய பிறகு நிற்கும் முடிவு.

நெஞ்சுக்கூட்டில் காற்று புகுந்திருந்தால் ஒரு பக்கம் மூச்சொலி குறையும். இதை நிமிடங்களில் கண்டுபிடித்தாக வேண்டும். அடிபட்டு நுரையீரல் திசுவில் ரத்தம் கட்டும் நுரையீரல் கன்றல் பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்திலேயே எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். அடிபட்ட பக்கத்தில் இருக்கும். வாந்தி நுரையீரலுக்குள் போயிருந்தால் அதற்கான நிகழ்வு ஒன்று குறிப்பில் இருக்கும். ரத்த உறைவு நுரையீரலை அடைப்பது பொதுவாகச் சில நாட்கள் கழித்து வரும், ஆனால் முன்பே வராது என்று உறுதி சொல்ல முடியாது. வலிநிவாரணி ஊசி அதிகமானால் மூச்சு எண்ணிக்கை குறையும். கொழுப்பு அடைப்பிலோ கூடும். குழப்பம் வந்தால் தலைக்குள் தாமதமாகக் கசியும் ரத்தத்தை நினைக்க வேண்டும். சிடி ஸ்கேன் அதற்காகத்தான். கொழுப்பு அடைப்பில் அந்த ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

படி 7: மூத்தவரை அழையுங்கள்

எல்லா முடிவுகளும் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆக்சிஜனைத் தொடங்கிவிட்டு அழையுங்கள். இப்படிச் சொல்லலாம்: "சார், வலது தொடை எலும்பு முறிவு, விபத்து நடந்து 36 மணி நேரம். காலையில் மூச்சு 18, இப்போது 34. ஆக்சிஜன் கொடுக்காமல், சாதாரணக் காற்றில் ஆக்சிமீட்டர் அளவு 86. நாடித்துடிப்பு 128. நாள் எது என்று தெரியவில்லை, நேற்றுச் சரியாகச் சொன்னார். கொழுப்பு அடைப்பாக இருக்குமோ என்று நினைக்கிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்." நேரம், மாற்றம், சந்தேகம், வேண்டுகோள் ஆகிய நான்கும் அதில் இருக்கின்றன. "நோயாளி கொஞ்சம் மூச்சுத் திணறுகிறார்" என்று மட்டும் சொன்னால் யாரும் ஓடி வரமாட்டார்கள்.

படி 8: பரிசோதனைகளைப் படிக்கும் விதம்

தமனி ரத்த வாயுப் பரிசோதனை, ரத்த அணுக்கள், நெஞ்சு எக்ஸ்ரே, ஈசிஜி, சர்க்கரை. தட்டணுக்கள் குறைவதும், ரத்தக்கசிவு தெரியாமலே ஹீமோகுளோபின் இறங்குவதும் சந்தேகத்தை வலுப்படுத்தும். எக்ஸ்ரே தொடக்கத்தில் இயல்பாக இருக்கலாம். பிறகு இரு பக்கமும் வெண்திட்டுகள் பரவும். சிறுநீரில் கொழுப்பு இருப்பது எதையும் உறுதிசெய்யாது.

1983-இல் வெளியான ஷோன்ஃபெல்டு மதிப்பெண் முறை தொடக்கநிலையினருக்கு வசதியானது. செந்நிறப் புள்ளிகளுக்கு 5, எக்ஸ்ரேயில் பரவிய திட்டுகளுக்கு 4, ரத்த ஆக்சிஜன் அழுத்தம் 70 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் 3. குழப்பம், 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், 120-க்கு மேல் நாடித்துடிப்பு, 30-க்கு மேல் மூச்சு ஆகியவற்றுக்குத் தலா 1. மொத்தம் 5 அல்லது அதற்கு மேல் என்றால் கொழுப்பு அடைப்பு எனக் கொள்ளலாம். மேலே தொலைபேசியில் சொன்ன நோயாளியின் ஆக்சிஜன் அழுத்தம் 55 என்று வந்தால் 3, குழப்பம் 1, நாடி 1, மூச்சு 1. 6 ஆகிவிட்டது, தோலில் ஒரு புள்ளிகூட இல்லாமலே. ஆனால் நிமோனியாவிலும் 6 வரும். மதிப்பெண் உங்கள் சந்தேகத்துக்குத் துணை நிற்கும், படி 6-க்கு மாற்றாகாது.

குழப்பம் தொடர்ந்து, ஸ்கேன் இயல்பாக இருந்தால் எம்ஆர்ஐ உதவும். மூளை முழுக்கச் சிதறிய சிறு வெண்புள்ளிகள் அதில் தெரியும்.

படி 9: சிகிச்சை நடக்கும்போது உங்கள் வேலை

ஆக்சிஜன், தேவைப்பட்டால் வென்டிலேட்டர், அளவான திரவம், ரத்த அழுத்தத்தைத் தாங்குதல். சிகிச்சை பெரும்பாலும் இவ்வளவுதான். ஸ்டீராய்டு குறித்து ஒருமித்த கருத்து இல்லை. கொழுப்பு அடைப்புக்கென்று, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைக் கொடுப்பதில்லை. ரத்த உறைவைத் தடுக்கக் கொடுப்பது வேறு கணக்கு.

முறிந்த காலை அசையாமல் வைப்பது உங்கள் கையில் இருக்கிறது. எக்ஸ்ரேவுக்குத் தூக்கும்போதும் விரிப்பு மாற்றும்போதும் காலை அசையாமல் பிடிக்கும் சட்டமான தாமஸ் ஸ்பிளின்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நோயாளியின் நிலை இடம்கொடுத்தால் முதல் 24 மணி நேரத்துக்குள் எலும்பை நிலைப்படுத்துவது இந்தச் சிக்கலைக் குறைக்கிறது.

நம் ஊரில் சில குடும்பங்கள் இரண்டாம் நாளே கையெழுத்துப் போட்டுவிட்டு நாட்டுக் கட்டுக்கு அழைத்துப் போக முனைவார்கள். பணக்கவலையும் அறுவை சிகிச்சை குறித்த அச்சமும் அதற்குப் பின்னால் இருக்கின்றன, கோபித்துக்கொள்வதால் பயனில்லை. "அம்மா, கால் கட்டு எங்கே என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இந்த மூன்று நாள் எலும்பிலிருந்து கொழுப்பு நுரையீரலுக்குப் போய் மூச்சு நின்றுபோகும் ஆபத்து இருக்கிறது. அதுவரை தம்பி இங்கேதான் இருக்க வேண்டும்" என்று நிதானமாகச் சொல்லுங்கள்.

படி 10: கடிகாரத்தை மறுபடியும் தொடங்குங்கள்

72 மணி நேரம் அமைதியாகக் கடந்துவிட்டது, நோயாளியை ஆணி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு அனுப்பினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தொடை எலும்புக்குள் துளையைக் குடைந்து ஆணியைச் செலுத்தும்போது மஜ்ஜைக்குள் அழுத்தம் ஏறி, கொழுப்பு மீண்டும் சிரைகளுக்குள் தள்ளப்படுகிறது. அறுவை அரங்கிலிருந்து அவர் திரும்பியதும் கேஸ் ஷீட்டில் விபத்து நேரத்துக்குக் கீழே அறுவை சிகிச்சை முடிந்த நேரத்தையும் எழுதி, படி 3-இலிருந்து மறுபடியும் எண்ணத் தொடங்குங்கள்.