சைட் ஆர்ம் த்ரோ: கையை இறக்காதீர்கள், உடம்பைச் சாயுங்கள்

ராணுவத்தில் சைட் ஆர்ம் என்றால் இடுப்பில் தொங்கும் ஆயுதம். ஒரு காலத்தில் வாள், பிறகு கைத்துப்பாக்கி. கிரிக்கெட் மைதானத்து சைட் ஆர்ம் எறிதலுக்குப் பெயர்க்காரணம் வேறு. கை பக்கவாட்டில் சுழல்வதால் வந்தது. ஆனால் இரண்டுமே நேரமில்லாதபோது கைகொடுப்பவை. குனிந்து பொறுக்கிய பந்தை, நிமிராமலே ஸ்டம்ப்பை நோக்கி எறிய வேண்டியிருக்கிறதே, அப்போது இந்த த்ரோதான் வேண்டும்.

வலது கைக்காரர்களுக்குச் சொல்கிறேன். இடது கைக்காரர்கள் திசைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் தோள்பட்டையைச் சூடாக்குங்கள். கைகளைச் சுழற்றி, பத்துப் பந்துகளை மெதுவாக மேல்கையாக, அதாவது கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய், எறிந்தால் போதும்.

பிடி: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே, கட்டைவிரல் எதிர்ப்பக்கம். உள்ளங்கையில் பந்து படியக்கூடாது.

அடுத்ததுதான் முக்கியம். புதிதாகப் பழகுபவர்கள் முழங்கையை விலாவோடு ஒட்டி இறக்கிவிட்டு, முன்கையால் மட்டும் தள்ளுவார்கள். வேகமும் வராது, முழங்கையும் வலிக்கும். மேல்கையாக எறியும்போது தோளிலிருந்து முழங்கை வரையுள்ள பகுதி உடம்புக்கு ஏறக்குறைய செங்குத்தாக நிற்கிறது அல்லவா? இங்கேயும் அப்படியே நிற்கட்டும். முழங்காலை மடித்து, உடம்பை வலப்பக்கம் சாயுங்கள். உடம்பு சாய்ந்தால் கை தானாகத் தாழும்.

இடது தோள் இலக்கைப் பார்க்க, இடது காலை இலக்கை நோக்கி வையுங்கள். முதலில் இடுப்பு திரும்பட்டும், அதன்பின் தோள், அதன்பின் முழங்கை, கடைசியில்தான் கை. பந்தை விட்ட பிறகு கையைச் சட்டென நிறுத்தாதீர்கள். இடது இடுப்பு வரை ஓடட்டும்.

விடும் நேரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேல்கை எறிதலில் நேரம் தவறினால் பந்து மேலேயோ கீழேயோ போகும். இதில் கை கிடைமட்டமாகச் சுழல்வதால் தவறு பக்கவாட்டில் தெரியும்: சீக்கிரம் விட்டால் வலப்பக்கம், தாமதித்தால் இடப்பக்கம். மூன்று ஸ்டம்ப்புகளின் உயரம் 28 அங்குலம், மொத்த அகலம் 9 அங்குலம்தான். நேர் பக்கவாட்டிலிருந்து எறிந்தால் ஒரே ஒரு ஸ்டம்ப்தான் தெரியும்! அதனால் நேரம் இருந்தால் நிமிர்ந்து மேல்கையாகவே எறியுங்கள் என்பேன். பவுண்டரியிலிருந்து எறிவதற்கும் இது ஏற்றதல்ல.

பந்து நேராகப் புறப்பட்டு, போகப்போக வலப்பக்கம் வளைகிறதா? கை பக்கவாட்டில் சுழல்வதால் பந்தும் பக்கவாட்டில் சுழல்கிறது; கொஞ்சம் வளைவது இயல்புதான். விடும் கணத்தில் விரல்கள் பந்துக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

பயிற்சிக்கு டென்னிஸ் பந்தும் ஒரு சுவரும் போதும். 28 அங்குல உயரம், 9 அங்குல அகலத்தில் சுவரில் சாக்பீஸால் கட்டம் வரையுங்கள். எட்டு மீட்டரில் தொடங்கி, பாதி வேகத்தில் இருபது எறிகள். எத்தனை இடப்பக்கம் போயின, எத்தனை வலப்பக்கம் போயின என்று எண்ணிக்கொள்ளுங்கள். இருபதில் பத்து கட்டத்துக்குள் விழுந்த பிறகு இரண்டு மீட்டர் பின்னால் போங்கள். வேகம் கூட்டுவது அதற்கும் பிறகு. கடைசியாக, தரையில் உருளும் பந்தை ஓடிவந்து பொறுக்கி எறிந்து பாருங்கள். முழங்கையின் உட்புறம் வலித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள்.