மார்கழிக் கச்சேரிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் டிசம்பர் இசை விழாவுக்குப் புதிதாக வருகிறவர்கள், மாலையில் பாடும் பெயர் பெற்ற வித்வான்களை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 1927-ல் இங்கே கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து கிளைத்து, 1928-ல் தொடங்கப்பெற்ற மியூசிக் அகாடமியில், விழா நாட்களின் காலை வேளைகளில் நடக்கும் செயல்விளக்க உரைகள், ஒரு ராகத்தின் போக்கையோ ஒரு சாகித்தியத்தின் வரிகள் இடத்துக்கு இடம் மாறி வழங்கும் பாடபேதத்தையோ பாடிக் காட்டி விளக்குபவை. அவற்றைக் கேட்டுவிட்டு மாலைக் கச்சேரிக்குப் போனால் காதே வேறாகிவிடும். பகல் கச்சேரிகளைப் பல சபாக்களில் டிக்கெட் வாங்காமலே கேட்கலாம். நாளைய வித்வான்கள் பலரும் அந்தப் பாதி காலியான அரங்குகளில்தான் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது தவறு, ஒரே மாலையில் சபா விட்டு சபா தாவுவது. தியாகராய நகரில் கச்சேரியின் தொடக்கத்தில் பாடும் ஒரு வர்ணத்தைக் கேட்டுவிட்டு மயிலாப்பூருக்கு ஓடினால், நெரிசலில் அங்கே ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை போய்விடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் எழுந்து வெளியேறும் வழக்கம். கேன்டீனில் கூட்டம் சேருமுன் போய்விடலாம் என்று நினைப்பவர்கள், மேடையில் நடப்பதைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். கச்சேரிக்கு முன்பே மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டி, கல்லும் கட்டையும் கொண்டு அதைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்த கலைஞருக்கு, முழுமையாக அவருடையதென்று சொல்லத்தக்க நேரம் இது ஒன்றுதான். கடமும் உடனிருந்தால் இருவரும் மாறி மாறி வாசித்து, குறைப்பு என்னும் பகுதியில் ஒவ்வொருவரின் முறையும் வரவரச் சுருங்கி, பிறகு ஒன்றுசேர்ந்து மோரா, கோர்வை என்னும் முடிப்புகளை வாசித்துப் பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழுவார்கள். அந்தக் கணத்தில் பாடகர் பல்லவி வரியை மீண்டும் எடுப்பதைக் கேட்பதற்காகவே நான் ஒருபோதும் எழுந்ததில்லை. போயே ஆக வேண்டுமென்றால், தனிக்கு முன்போ, கச்சேரியை முடிக்கும் மங்களத்துக்கு முந்தைய துக்கடாக்கள் என்னும் சிறு பாடல்களின் இடையிலோ, ஒரு பாட்டு முடிந்த பின் செல்வது மரியாதை.

கைபேசியில் பதிவு செய்வது, பக்கத்தில் இருப்பவரிடம் ராகத்தின் பெயரை உரக்கச் சொல்வது, தொடையில் ஓங்கித் தட்டித் தாளம் போடுவது ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

விழா என்றாலே மயிலாப்பூரும் அதைச் சுற்றிய சபாக்களும்தான் என்று எண்ணுவதும் பிழை. 1943-ல் உருவான தமிழ் இசைச் சங்கம், பாரிமுனைக்கு அருகிலுள்ள ராஜா அண்ணாமலை மன்றத்தில் ஆண்டுதோறும் விழா நடத்துவதோடு, பழந்தமிழ் இசை முறையான பண்களின் ஆராய்ச்சியையும் தொடர்ந்து பேணி வருகிறது. மயிலாப்பூரிலேயே தங்குபவர்களும் அரங்குகளுக்குள் மட்டும் இருந்துவிடக் கூடாது. பாடலாசிரியர் பாபநாசம் சிவன் முன்நின்று பாடிவந்த மார்கழி பஜனை, கபாலீசுவரர் கோயிலின் மாடவீதிகளில் விடியற்காலையில் நடப்பது. அதைக் கேட்க விரும்புகிறவர் முந்தைய இரவுக் கச்சேரியிலிருந்து நேரத்தோடு வீடு திரும்பி உறங்கியிருக்க வேண்டும்.