வெளிநாட்டிலிருந்து டெல்டாவுக்கு வந்தவர்கள் பானை வனையக் கற்க: எங்கே, எப்போது, யாரிடம்?

சிங்கப்பூரிலோ துபாயிலோ பாரிஸிலோ பல வருடம் இருந்துவிட்டுக் கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கம் வந்து குடியேறுகிறவர்கள் ‘மண்பாண்டப் பயிற்சி வகுப்பு’ என்று போனில் தேடிப் பார்ப்பார்கள். அது பெரும்பாலும் சென்னையையும் புதுச்சேரியையும் காட்டும். டெல்டாவில் தொழில் நடப்பது வேளார் வீட்டு வாசலில். வேளார் என்பது பரம்பரையாகப் பானை வனைகிறவர்களின் பெயர். பெயர்ப்பலகை இருக்காது, கட்டணப் பட்டியலும் இருக்காது. சரியான மாதத்தில் போனால் சேர்த்துக்கொள்வார்கள். தவறான மாதத்தில் போனால் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

படி 1: எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

பளபளப்புப் பூச்சு போட்டு 1200 டிகிரிக்கு மேல் சுடும் கோப்பை, தட்டுதான் ஆசை என்றால் டெல்டாவில் அலைய வேண்டாம். புதுச்சேரிக்குப் போங்கள். 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் வழியில் அங்கே பல பட்டறைகள் வளர்ந்திருக்கின்றன. பட்டம் வேண்டுமானால் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பீங்கான் பிரிவு உண்டு. பானை, சட்டி, அகல் என்று சுடுமண் வேலைதான் வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

படி 2: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

வெளிநாட்டில் பழகியவர்கள் தவறுவது இங்கேதான். ஐப்பசியிலிருந்து கார்த்திகை தீபம் வரை அகல் வேலை, மார்கழி முழுக்கப் பொங்கல் பானை. போதாததற்கு வடகிழக்குப் பருவமழை வேறு. வனைந்தது காயாது, வறட்டி நனையும், சூளை போட ஒரு வெயில் நாள் கிடைக்காதா என்று வீடே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது போய் “கத்துக்கொடுப்பீங்களா?” என்று கேட்பது, கல்யாணப் பந்தி நடக்கும்போது சமையல்காரரிடம் ரசப்பொடி அளவு கேட்பதைப் போல.

பொங்கல் கழிந்து, தை மூன்றாம் வாரத்தில் போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள். மாசியில் தொடங்குங்கள். வைகாசி வரை வெயிலை நம்பலாம். குளம் வற்றிக் கிடக்கும். தண்ணீர்ப் பானை விற்கும் காலம்தான், ஆனால் ஒரே நாளைக்கு எல்லாம் முடிய வேண்டும் என்ற நெருக்கடி இருக்காது. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான தேதி ஜூன் 12. தண்ணீர் கடைமடை வரை வந்து குளங்கள் நிரம்பிவிட்டால் மண் எடுக்க முடியாது என்பதால், அதற்குள் மண்ணைக் குவித்து வைக்கப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் கூடவே இருந்தால் எந்தக் குளத்து மண் பானைக்கு, எது அகலுக்கு என்பது பேச்சோடு பேச்சாகக் காதில் விழும்.

ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு பொம்மை. அதில் பெரும்பகுதி அச்சு வேலை. சக்கரம் கற்க வந்தவருக்குப் பயன் குறைவு.

படி 3: வனைகிற வீட்டைக் கண்டுபிடியுங்கள்

சந்தையில் பானை விற்கிறவர்கள் எல்லாரும் வனைகிறவர்கள் இல்லை. “சொந்தமா வனையிறதா, வாங்கி விக்கிறதா?” என்று கேட்டுவிடுங்கள். அதைவிட நல்ல வழி, பக்கத்து ஐயனார் கோயிலில் புதிதாக வைத்த மண்குதிரை இருந்தால் செய்தது யார் என்று பூசாரியிடம் கேட்பது. சில கோயில்களில் பூசாரியே வேளாராக இருப்பார். இன்னொரு வழி சற்றுச் சங்கடமானது, ஆனால் பொய்க்காது. இறுதிச் சடங்குக்கான குடம் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று ஊரில் விசாரியுங்கள்.

விசாரிக்கும்போது “வேளார் வீடு” என்றே கேளுங்கள். சாதியைக் கொச்சையாகச் சொல்லிக் கேட்டால் வழி சொல்வார்கள், ஆனால் அது உங்களுக்கு முன்னால் அந்த வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

படி 4: பேசி முடியுங்கள்

“ஐயா, தொழில் பழகலாம்னு வந்தேன். முதல்ல மண்ணு மிதிக்கிறேன், சக்கரம் பொறவு பாத்துக்கலாம்.” இவ்வளவு போதும். வெளிநாட்டில் எடுத்த சான்றிதழைக் காட்ட வேண்டாம்.

பணத்தை முதல் நாளே பேசுங்கள். கணக்கு எளிது. அவர் மணிக்கு 100 அகல் போடுவார், ஒன்று 1 ரூபாய்க்குப் போகும் என்று வைத்துக்கொண்டால், உங்களுக்காகச் செலவாகும் ஒவ்வொரு மணிக்கும் 100 ரூபாய் இழக்கிறார். அதற்குக் குறைத்துத் தராதீர்கள். மண்ணுக்கும் விறகுக்கும் தனி. மண் மிதிப்பதும் பிசைவதும் பல வீடுகளில் பெண்களின் வேலை என்பதால் முதல் மாதம் உங்களுக்குக் கற்றுத்தரப் போவது அந்த வீட்டு அம்மாவாக இருக்கலாம். பணம் அவர் கைக்கும் போகட்டும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க: இ-சுற்றுலா விசாவில், 6 மாதத்துக்கு மேற்படாத, சான்றிதழ் தராத, முறைசாராக் கைவினைப் பயிற்சிக்கு இடம் உண்டு. கூலி வாங்கி வேலை செய்வது அதில் சேராது.

படி 5: மண்

நீங்களாகக் குளத்தில் வெட்டாதீர்கள். மண்பாண்டத் தொழிலாளர்கள் கட்டணமின்றி மண் எடுக்க 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம். அது தொழில் செய்கிறவருக்கு உரியது. அவரிடமே வாங்குங்கள்.

காய்ந்த கட்டியை உடைத்து ஒரு நாள் ஊறவிட்டு, கல்லையும் வேரையும் பொறுக்குங்கள். குறிப்பாக நத்தை ஓடு. டெல்டாக் குளத்து மண்ணில் அது கிடக்கும். சூளையில் ஓடு சுண்ணாம்பாகும். வெளியே வந்தபின் காற்றின் ஈரத்தை இழுத்து ஊதும். நன்றாகச் சுட்ட பானை நாலு நாள் கழித்துக் காசளவு பெயர்ந்து விழுவது இதனால்தான். ஊறிய மண்ணைக் கரைத்துக் கொசுவலையில் வடிகட்டினால் தப்பலாம். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்துக் கடலோர மண்ணில் உப்பும் இருக்கும். காயும்போது வெள்ளையாகப் பூக்கும்.

பிறகு மணல். நாலு பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணல் என்று தொடங்கிச் சோதியுங்கள். விரல் பருமனில் ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளையுங்கள். வெடித்தால் மணல் அதிகம். அதே மண்ணில் தட்டிய ஒரு பட்டையில் 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு கிழித்து நிழலில் காயவிடுங்கள். இடைவெளி 9 செ.மீ.க்கும் கீழே சுருங்கினால் மணல் போதாது, பானை காய்வதற்குள் விரிசல் விடும்.

காய்ந்த மண்தூளை விளக்குமாறால் பெருக்காதீர்கள், நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடையுங்கள்.

படி 6: சக்கரம், பிறகு தட்டுதல்

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கிலோ உருண்டையை நடுவில் வைத்துப் பழகியவருக்கு இங்கே மூன்று மாற்றம். குந்தி உட்கார வேண்டியிருக்கும். சக்கரம் சுற்றும் திசை வேறாக இருக்கலாம். மண் பெரிய குவியலாக இருக்கும், அதன் உச்சியில் மட்டும் ஒரு பிடியளவு மையப்படுத்தி, அகல் போட்டு, நூலால் அறுத்து எடுக்க வேண்டும். முதல் மாதம் அகல் மட்டும் போடுங்கள். அறுக்கும்போது அடி கோணலானால் நூல் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பானை சக்கரத்தில் முடிவதில்லை. கழுத்தும் தோளும்தான் அங்கே உருவாகும், அடி தடித்தோ திறந்தோ இருக்கும். நிழலில் சற்று இறுகியதும் உள்ளே உருண்டைக் கல்லை ஏந்தி, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி உருட்டுவார்கள். வெளிநாட்டு வகுப்புகளில் பெரும்பாலும் கிடைக்காத பாடம் இது. தட்டும்போது சுவர் மெலியும், மண் நெருங்கும், உருண்ட அடியில் தீ பரவலாகப் படும். கல்லும் பலகையும் ஒரே இடத்தில் சந்திக்காவிட்டால் பள்ளம் விழும். ஈரம் அதிகமானால் பலகையில் ஒட்டும், குறைந்தால் விரிசல் விடும். இந்தப் பதம் கைக்கு வரச் சக்கரத்தைவிட நாளாகும்.

படி 7: சூளையில் இடம் கேட்பது

உங்கள் பானையைச் சூளையில் வைக்க அவர் தயங்கினால் கோபப்படாதீர்கள். தொடக்கக்காரர் பானை தடித்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். 100 டிகிரி தாண்டியதும் அது ஆவியாகிப் பானை வெடிக்கும். பக்கத்தில் இருக்கும் அவருடைய பானைகளும் போகும். சுவர் ஒரு செ.மீ.க்குள் இருக்கட்டும். முதல் சில நாள் வெயில் படாமல், விளிம்பில் ஈரத்துணி போட்டுக் காயவையுங்கள். இல்லாவிட்டால் விளிம்பு முந்திக் காய்ந்து பிளக்கும். பிறகு வெயில். ஏற்றும் நாளன்று காலையில் பானையின் அடியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் அடுத்த சூளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.