பள்ளியில் மாற்றுத்திறன் குழந்தைக்கு உதவி மறுத்தால் மேல்முறையீடு செய்வது எப்படி? (குமரி மாவட்டப் பெற்றோருக்கு)

போக்குவரத்துப் படி, கூட வருபவருக்கான படி, தெரபி, உபகரணம். இவற்றில் ஏதாவது ஒன்றைக் கேட்டு 'உங்க பிள்ளைக்கு வராது' என்ற பதில் வாங்கியவர்களுக்காக எழுதுகிறேன். என் மகனுக்கு ஆட்டிசம், அரசுப் பள்ளியில் படிக்கிறான். அவனுக்கும் போக்குவரத்துப் படி முதலில் கிடையாது என்றார்கள், பிறகு கிடைத்தது. அடையாள அட்டை எடுப்பது, வட்டார வள மையம் எங்கே இருக்கிறது, சிறப்புப் பயிற்றுநர் யார் என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில், எந்த 'இல்லை' என்று பாருங்கள்

மருத்துவச் சான்றிதழில் சதவீதம் குறைவாக இருப்பதால் வரும் 'இல்லை' ஒன்று. விதியைக் காட்டி அலுவலகம் சொல்லும் 'இல்லை' இன்னொன்று. மூன்றாவது, 'தகுதி இருக்கு, ஃபண்ட் வரல' என்பது. இந்த மூன்றாவதைப் பலரும் மறுப்பு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது மறுப்பே இல்லை, பாக்கி.

சமக்ர சிக்ஷா என்கிற பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள குழந்தை ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பெண் குழந்தை என்றால் மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதத்துக்குத் தனி உதவித்தொகையும் உண்டு. அந்த 3,500 அப்படியே நம் கைக்கு வருகிற பணம் அல்ல. உபகரணம், தெரபி, பயணம் எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். 2024-25இல் இந்தத் திட்டத்துக்காகத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. ஆகவே 'ஃபண்ட் வரல' என்பது சில நேரம் உண்மையாகவும் இருக்கும். அப்படியென்றால் 'தகுதி உண்டு, நிதி வந்ததும் வழங்கப்படும்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி கையில் இருந்தால் பின்னால் யாரும் தகுதியைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாது.

எழுத்தில் வாங்குவது

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். எங்களுக்கு மறுப்பு போனில் வந்தது. 'பெர்சன்டேஜ் பத்தாது' என்று ஹெச்.எம்.மிடம் சொன்னார்கள், அவர் என்னிடம் சொன்னார். சரி, கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் வேலை முடிந்துவிடும் என்று நாகர்கோவில் போனோம். மனு எண் போட்டு ரசீதும் தந்தார்கள். ஆனால் அந்த மனு சுற்றி வளைத்து, முதலில் மறுத்த அதே மேசைக்கே போய்ச் சேர்ந்தது. 'விதிகளின்படி பரிசீலிக்கப்பட்டது' என்று ஒரு வரிப் பதில் வந்தது. எந்த விதி? அது அதில் இல்லை.

வாயால் சொன்ன மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அதனால் முதலில் ஒரு முறையான மனுவை வட்டார அளவில் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் சீல், தேதி, கையெழுத்து வாங்குங்கள். மனுவின் கடைசிப் பத்தி இப்படி இருக்கட்டும்:

'என் குழந்தைக்குத் தகுதி இல்லை எனில், எந்த அரசாணை அல்லது விதியின் எந்தப் பத்தியின்படி தகுதி இல்லை என்பதையும், தகுதி இருந்து நிதி இல்லை எனில் அதையும் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

கலெக்டருக்கு எழுதும்போதும் இந்தப் பத்தி இருக்க வேண்டும். மனு எந்த மேசைக்குப் போனாலும் ஒரு வரியில் முடித்துவிட முடியாது.

சட்டத்தில் ஒன்றை மட்டும் மனுவில் கட்டாயம் சேருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16, உட்பிரிவு 8. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும், அதிக உதவி தேவைப்படும் குழந்தைகளோடு வரும் துணையாளுக்கும் போக்குவரத்து வசதி தர வேண்டும் என்கிறது அது. குறைபாடு குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்ற பேச்சு அந்தப் பிரிவில் இல்லை. 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்கிற பிரிவு 31தான் 40 சதவீதம் பற்றியது. இரண்டையும் குழப்பித்தான் எங்களுக்கு மறுத்திருந்தார்கள்.

பதிலே வராவிட்டால்

தகவல் உரிமைச் சட்ட மனு. வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், அவ்வளவுதான். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். 'ஏன் மறுத்தீர்கள்?' என்று கேட்காதீர்கள், அதற்கு ஒன்றும் வராது. 'என் மனு மீதான கோப்புக் குறிப்புகளின் நகல்' என்று கேளுங்கள். எங்கள் விஷயம் நகர்ந்தது அந்த நகல் கைக்கு வந்த பிறகுதான்.

என் விருப்பம்: மனுவைக் கையால் எழுதுங்கள். டைப் அடிக்கும் கடையில் 'சமூகம் அவர்களுக்கு' என்று தொடங்கி ஒரு பக்கம் வணக்கமே போட்டுவிடுவார்கள். ஸ்கேன் செய்ய மொபைல் ஆப் வேண்டாம், ஓரம் வெட்டுப்படும்; ஜெராக்ஸ் கடையே நல்லது. தபால் என்றால் ஸ்பீடு போஸ்ட். 2025 செப்டம்பரில் பதிவுத் தபாலை அதோடு சேர்த்துவிட்டார்கள், கவுண்டரில் ஒப்புகையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். கொல்லங்கோடு, நீரோடி பக்கத்தில் இருந்து நாகர்கோவில் வரை பஸ் ஏறுவதற்கு இது எவ்வளவோ மேல்.

அடுத்த மாடி

வட்டாரம், பிறகு நாகர்கோவிலில் முதன்மைக் கல்வி அலுவலர். நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் அனுப்புங்கள். அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். அதே 2016 சட்டத்தின் பிரிவு 80இன்படி அவர் விசாரிக்கலாம். ஆட்களை வரவழைப்பதில் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் பரிந்துரைத்தால் சம்பந்தப்பட்ட அலுவலகம் 3 மாதத்துக்குள் நடவடிக்கையைச் சொல்ல வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். இதற்கு வக்கீல் தேவையில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போக வேண்டி வந்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு ஒரு அக்கா கேட்டார்கள்: 'என் மகளுக்கு 25 சதவீதம்னு போட்டிருக்கு, நான் எங்க போவேன்?' அது முதல் வகை 'இல்லை'. சதவீதத்தையே மாற்ற வேண்டும் என்றால் கல்வி அலுவலகத்தில் முட்டிப் பிரயோசனம் இல்லை. அதே சட்டத்தின் பிரிவு 59இன்படி சான்றிதழ் மீதே மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்கு முன் சோதனை மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்குங்கள். அறிவுசார் குறைபாட்டுக்கு 2018 வழிகாட்டுதலில் வி.எஸ்.எம்.எஸ். (சமூக முதிர்ச்சியை அளக்கும் சோதனை) மதிப்பெண் 55 முதல் 69 வரை என்றால் 50 சதவீதம், 70 முதல் 84 வரை என்றால் 25 சதவீதம். ஒரே ஒரு மதிப்பெண்ணில் எல்லாம் மாறிவிடும். 2024 மார்ச்சில் வழிகாட்டுதலைத் திருத்தியிருக்கிறார்கள், சான்றிதழ் தேதியைப் பார்த்து உரியதை எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிதழே தர மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 2017 விதிகளில் அதற்கென்றே எட்டாம் படிவம் இருக்கிறது. பெயரைச் சொல்லிக் கேளுங்கள், 'படிவம் 8 கொடுங்க சார்' என்று.